ஒன்பது கடைகளின் மனு

சன்ரைஸ் ஆர்க்கேட் என்று பெயர் வைத்த மனிதர் அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு நாளாவது வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். சூரியன் அதற்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நடுவில் ஒரு நீண்ட நடை, இரண்டு பக்கமும் கடைகள், மேலே ஒரு மாடி, அதிலும் கடைகள். மொத்தம் இருபத்து நான்கு. தேக்கா மார்க்கெட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருந்தது. நான் கல்யாணமாகி வந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், தீபாவளி சமயத்தில் அந்த நடையில் ஒருவர் செருப்பை மற்றவர் மிதிக்காமல் போக முடியாது.

எங்களுடையது பெட்டிக் கடை. வெற்றிலை பாக்கு விற்கிற பெட்டிக் கடை என்று நினைத்துவிட வேண்டாம். தகரத்தில் செய்த ட்ரங்குப் பெட்டி விற்கிற கடை. கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் முதலில் எங்களிடம் பெட்டி வாங்குவார்கள். பிறகு எதிர்க்கடை ரவூப் பாயிடம் கைலியும் கம்பளியும், மாடியில் கோடாலித் தைலமும் பவுடர் டப்பாவும், முத்துசாமி அண்ணன் கடையில் மாமனாருக்கு ஒரு கைக்கடிகாரமும் வாங்கி, எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடைத்துக்கொண்டு போவார்கள். ஒரு ஆள் ஊருக்குப் போனால் இருபத்து நான்கு கடைக்கும் சாப்பாடு.

அப்புறம் ஊருக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். குடியுரிமை வாங்கினார்கள், பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்தார்கள், குவீன்ஸ்டவுன், தோ பாயோ என்று புதிதாகக் கட்டிய இடங்களில் அரசாங்க வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே அடுக்குமாடிக்குக் கீழேயே கடை வந்துவிட்டது. நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள். ஆனால் எங்கள் மாடிக் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு, கடைசியில் அங்கே புறாக்கள் மட்டுமே குடியிருந்தன. அறுபத்தாறு முடியும்போது திறந்திருந்த கடைகள் ஒன்பது.

அந்த ஒன்பது கடைக்காரர்களும் சேர்ந்து அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டோம். போட வைத்தது நான். "இங்கே வியாபாரம் செத்துவிட்டது, புதிதாகக் கட்டும் குடியிருப்புப் பேட்டைகளில் எங்களுக்கு மாற்றுக் கடை கொடுங்கள்" என்பதுதான் விஷயம். நான் கேட்டது, தீவின் மேற்குக் கோடியில் புதிதாக ஆலைகள் வந்த ஜூரோங்கில்.

ஏன் ஜூரோங் என்றால், என் வீட்டுக்காரர் தனசேகரனுக்கு அங்கே ஓர் இரும்பு ஆலையில் வேலை கிடைத்திருந்தது. தினக்கூலிதான். ஆனால் இரண்டு அறை வீடு கொடுத்தார்கள். எங்கள் மகள் இன்பவல்லிக்கு அறுபத்தேழு ஜனவரியில் முதல் வகுப்பு. மனு மூன்று மாதத்தில் முடிந்துவிடும், அப்புறம் எல்லாரும் அங்கேதானே என்று ஜூரோங்கிலேயே பள்ளியில் சேர்த்தோம். பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா சந்திரமதி அண்ணி வந்து இருந்தார். கணவர் இல்லாதவர், பிள்ளை இல்லாதவர், கை சுத்தமானவர். மூன்று மாதம்தானே என்று நானே வல்லியின் துணியை மடித்துக் கொடுத்தேன்.

மனுவுக்குப் பதில் வந்தது. ஆய்வுக்கு ஓர் அதிகாரி வருவார், அவர் வரும் நாளில் எந்தக் கடை திறந்திருந்து, வியாபாரம் நலிந்திருப்பதாகத் தெரிகிறதோ அந்தக் கடைக்கு மட்டும் மாற்றுக் கடை. பூட்டியிருந்தால் பெயர் நீக்கப்படும். எப்போது வருவார் என்று போடவில்லை.

ஆக, நான் உட்கார்ந்தேன். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, இருபது பெட்டிகளுக்கு நடுவில் இருபத்தோராவது பெட்டியாக. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அங்கே படுக்கை. சாப்பாடு வாங்க மூலைக் கடைக்குப் போனாலும் ரவூப் பாயிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஆபீசர் வந்தால் கையைப் பிடித்து உட்கார வைக்கச் சொல்லி.

"நான் அவரப் புடிச்சு வைக்கிறேம்மா. ஆனா நீ ரெண்டு ரொட்டி வாங்குறதுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்காத" என்பார் அவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரரும் வல்லியும் வருவார்கள். அன்றைக்குத்தான் நாலு ஆள் நடமாட்டம் இருக்கும், அதனால் அன்றும் கடையைப் பூட்ட முடியாது. வல்லி பெட்டிகளுக்குள் இறங்கி ஒளிந்து விளையாடுவாள். மூன்று மாதம் ஆறு மாதமானது, ஆறு மாதம் ஒரு வருடமானது. அந்தப் பதினான்கு மாதத்தில் ஜூரோங் வீட்டை நான் பார்த்தது இரண்டே தடவை, இரண்டும் பொது விடுமுறை நாட்கள். வல்லிக்கு அம்மை போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. செய்தி கேட்டதும் எழுந்தேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். இன்றைக்குத்தான் அந்த ஆபீசர் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று தோன்றியது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அண்ணி வேப்பிலை வைத்து, பக்கத்திலேயே படுத்து, தண்ணீர் ஊற்றும் வரை பார்த்துக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

இனி வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு கடைக்குள் நின்றுகொண்டு யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டோம். கேட்ட சாமான் கைவசம் கிடையாது என்றால் "நாளைக்கு வரும்" என்போம். விலை கட்டாது என்றால் சிரிப்போம். வியாபாரம் மோசம் என்ற பேச்சும் அந்த நேரத்தில் ஆகாது. லட்சுமி வருகிற நேரத்தில் வாசலில் நின்று இல்லை என்றால் அவள் அப்படியே திரும்பிப் போய்விடுவாள் என்று நம்பிக்கை.

இந்த வழக்கத்தை நான் ஒரு தடவை மீறினேன். அறுபத்தொன்றில், வல்லி கைக்குழந்தை. வெளியே மழை, உள்ளே அவள் கத்தல். விளக்கு வைத்துத் திரும்புகிறேன், ஓர் ஆள் பித்தளைப் பூட்டுப் போட்ட பச்சைப் பெட்டி வேண்டும் என்று கால் மணி நேரமாகக் குடைகிறார். "பச்சையும் இல்ல, பூட்டும் இல்ல, ஒண்ணுமே இல்ல, போங்க" என்று கத்திவிட்டேன். எல்லாக் கடைக்கும் கேட்டது. அடுத்த மாதம், ஆர்க்கேட் வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தைத் தூக்கி அரை மைல் தள்ளி வைத்துவிட்டார்கள். எங்கள் இறங்குமுகம் அன்றைக்குத் தொடங்கியது.

முத்துசாமி அண்ணன் விளையாட்டாகத்தான் சொல்வார்: "சிவகாமி வாயைத் தொறந்துச்சு, பஸ் ஸ்டாப்பு ஓடிப்போச்சு லா." நானும் சிரிப்பேன். சாலையை அகலப்படுத்தத்தான் நிறுத்தத்தை மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாதா. தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கடை மூடும்போதும் எனக்குள் எதுவோ சுருங்கும். அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் நான் அந்தச் சொல்லைச் சொன்னது கிடையாது.

அறுபத்தெட்டு மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை. ஆபீஸ் நேரம் முடிந்தது, இனி இன்றைக்கு யாரும் வரப்போவதில்லை என்று விளக்கை ஏற்றி ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் கையில் கோப்போடு நடைக்குள் வந்தான். மருதப்பன் என்று பெயர் சொன்னான். இங்கேயே பிறந்து இங்கிலீஷ் படித்த பிள்ளை, நல்ல மரியாதை.

"சாயங்கால வியாபாரம் எப்படின்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க அக்கா. ஒவ்வொரு கடையா கேட்டு எழுதிக்கிறேன்" என்றான்.

முதலில் எதிர்க்கடைக்குப் போனான். "பாய், வியாபாரம் எப்படிப் போகுது?"

ரவூப் பாயிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். காய்ச்சலில் படுத்திருக்கும்போது உடம்பு எப்படி என்று கேட்டாலும் அதுதான். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கு தம்பி."

நான் பல்லைக் கடித்தேன். மருதப்பன் எழுதிக்கொண்டான். அடுத்தது முத்துசாமி அண்ணன். ஒரு வருடமாக எல்லாரையும் கூட்டி வைத்து, ஆபீசர் வந்தால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் பாடம் நடத்தியிருந்தேன். முதல் மாணவர் அவர்தான். அவருடைய முருகன் படத்துக்கு முன்னாலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல ஓடுது" என்றார். அதன் பிறகு ஆறு கடை. ஒவ்வொருவரும் அதே மாதிரி, நன்றாக ஓடுகிறது, குறைவில்லாமல் நடக்கிறது என்று பாட்டுப் பாடினார்கள்.

கடைசியாக என்னிடம் வந்தான்.

சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம். நான்கு மாதத்தில் மூன்று பெட்டி விற்றது. முந்தின வாரம் ஒரு ஆள்கூடக் கடையேறவில்லை. அதைச் சொன்னால் போதும், ஜூரோங்கில் கடை. காலையில் வல்லிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நடந்தே போய்த் திறக்கலாம். வாயைத் திறந்தேன். பக்கத்தில் விளக்கு எரிகிறது. இப்போது சொல்லி, அது பலித்து, கிடைக்கப்போகிற கடையும் கைநழுவிப் போனால்? அவருடைய தினக்கூலி வேலையும் போனால்? பிள்ளைக்கு மறுபடி ஏதாவது வந்தால்? அந்த ஒரு நொடியில் என் மனம் எங்கெல்லாம் ஓடியது என்று எனக்குத்தான் தெரியும்.

"நல்லா நடக்குது தம்பி" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் அதை மாற்றப் பார்த்தேன். தூசி படிந்த பெட்டிகளைக் கையால் காட்டினேன். துருப்பிடித்த ஒரு மூடியைத் திறந்து கிறீச்சிட வைத்தேன். அவன் நல்ல பெட்டி என்று பாராட்டினான். "நாளைக்குக் காலைல ஒரு எட்டு வாங்களேன், விவரமாப் பேசலாம்" என்று கெஞ்சினேன். நாளையிலிருந்து வேறு வட்டாரம் என்றான். படிவத்தை நீட்டினான், இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவன் நடையைத் தாண்டிப் படியிறங்கும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது, கடைக்குள் சொல்லத்தானே தடை, தெருவில் நின்று சொல்லலாமே என்று. செருப்பில்லாமல் ஓடினேன். அவனுடைய ஸ்கூட்டர் மூலை திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை ரவூப் பாயைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். மருதப்பன் எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

"தம்பி, அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய். எங்க யாருக்கும் வியாபாரமே கிடையாது."

"ஒன்பது கடையும் ஒரே பதில்தானே அக்கா சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை. விளக்கு வெச்சாச்சு. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது?"

அவன் பேனாவை மேசையில் வைத்தான். "மனுவுல வியாபாரமே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?"

"அது பேப்பர்ல. அதுவும் புதன்கிழமை காலைல எழுதினது."

அவன் சிரிக்கவில்லை. அதற்கு இன்றும் அவனுக்கு நன்றி. "எங்க அம்மாவும் இப்படித்தான் அக்கா. ஆனா அறிக்கை சனிக்கிழமையே மேல போயிடுச்சு. கையெழுத்தும் இருக்கு. விளக்கு வெச்ச நேரம்னு நான் மேல போய்ச் சொன்னா என்னைத்தான் பைத்தியம்பாங்க" என்றான்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வியாபாரம் திருப்திகரமாக நடப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம். முத்துசாமி அண்ணன்தான் படித்துச் சொன்னார். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரவூப் பாய் மட்டும் என் கடை வாசலில் வந்து நின்றார். "என் வாயில வேற எதுவும் வராதும்மா. நாப்பது வருஷமா அதையே சொல்லிச் சொல்லி நாக்கு அதுக்கே பழகிப்போச்சு."

"உங்கள ஏன் சொல்லணும் பாய். பாடம் நடத்தின நானே கோட்டை விட்டேன்" என்றேன்.

அந்த ஞாயிறு என் வீட்டுக்காரர் தனியாக வந்தார். வல்லிக்குப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி, அண்ணி கூட்டிப் போயிருந்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம்தானே சிவகாமி. கண்ண மூடித் தொறந்தா ஓடிடும். இப்பக் கடைய விட்டோம்னா கையில என்ன மிஞ்சும்? எனக்கோ இன்னைக்கு இருக்கு வேலை, நாளைக்குப் போயிரும்."

"கண்ண மூடுறது யாரு? நானா, நீங்களா?"

நல்ல மனிதர்தான். மேலே ஏறி ஒட்டடை அடித்தார், கதவுக்கு எண்ணெய் போட்டார், ஐந்தரைக்குப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் முடிவு செய்தேன். கடையாவது மண்ணாவது. ஒரு துணிப்பையில் ஐந்து புடவையும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டேன். இருக்கத்தான் போகிறேன், திரும்புவதாக எண்ணம் கிடையாது. அவர் கத்தினால் கத்தட்டும். ரவூப் பாயிடம் ஜூரோங் வரை போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் பையைப் பார்த்தார். "போம்மா, பிள்ளையப் போய்ப் பாரு" என்றார்.

இரண்டு பஸ் மாறி, ஆலைப் புகைக்குள் இறங்கி, வீட்டைக் கண்டுபிடித்துச் சேரும்போது மணி ஒன்றரை. வல்லி பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கணத்தில் எனக்கு எல்லாக் கணக்கும் தீர்ந்துபோனது போல இருந்தது.

"அத்தை, அம்மா வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் கூவினாள். பிறகு என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அலமாரியைத் திறந்து, பூப் போட்ட கண்ணாடி டம்ளரை எடுத்து, துடைத்து, தண்ணீர் கொண்டுவந்தாள். அது வெளியாள் வந்தால் எடுக்கிற டம்ளர் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணச் சீரில் வந்தது.

சாப்பிட்டோம். அவளுக்குப் பிடிக்கும் என்று நான் குழம்பை ஊற்றப் போனேன். "எனக்குத் தனியா வெச்சிருக்காங்கம்மா, காரம் போடாம" என்றாள். சாப்பிட்டு முடித்து, தலை கலைந்திருக்கிறதே, வா பின்னிவிடுகிறேன் என்று கூப்பிட்டேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னி முடித்ததும் அண்ணியிடம் போய் முதுகைக் காட்டி நின்றாள். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே, அவிழ்க்காமல், ரிப்பனை மட்டும் சரி செய்தார். பாவம், அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அண்ணி மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் சண்டை போட்டாவது அங்கே உட்கார்ந்திருப்பேன்.

வல்லி என் பையைத் திறந்து பார்த்தாள். புடவைகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"நிறையப் புடவை எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க. யாருக்கும்மா கல்யாணம்?"

இங்கேயே இருக்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தில் துளி எதிர்பார்ப்பு இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். எந்த ஊரில் கல்யாணம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான் இருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் "எப்பம்மா வருவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அந்தக் கேள்வியை எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்.

"தெரிஞ்சவங்க வீட்ல" என்றேன்.

அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "இன்னைக்கு இருந்துட்டுப் போயேன் சிவகாமி. தம்பி வந்துரும்" என்றார். இருந்துட்டுப் போ என்றுதான் அவருக்கும் வந்தது.

நான்கு மணிக்கு வல்லி சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பார்க்க அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். வெளியே போய் என் செருப்பைத் திருப்பி, வாசலைப் பார்த்து ஜோடியாக வைத்தாள்.

"நாலே கால் பஸ்ஸை விட்டா அப்புறம் ரொம்ப நேரம் நிக்கணும்மா. உங்களுக்குக் கால் வலிக்கும்."

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று எத்தனையோ முறை என்னை நானே கேட்டிருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. பையை எடுத்துக்கொண்டேன், செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தம் வரை கைகோத்து நடந்து வந்தாள். வழியெல்லாம் விளையாட்டுப் போட்டியில் எலுமிச்சைக் கரண்டியோடு மூன்றாவதாக வந்த கதை. பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவள் கீழே நின்று, வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, என்னை அண்ணாந்து பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. பெரிய மனுஷி மாதிரி எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் வர்றோம்மா. நீங்க எங்கேயும் போயிடாதீங்க. கடையிலேயே இருங்க."